மா நித்திரை, சத்தம் போடாதேங்கோ

நூடில்ஸ் தொழிலில் பாதி வேலை சும்மா இருப்பது. மிச்சப் பாதி, ஏன் சும்மா இருக்கிறாய் என்று கேட்கிறவைக்கு மறுமொழி சொல்வது. விடியக் காலமை எழும்பி, காலுறைக்கு மேல் காலுறை போட்டு, பனிக்குள் விழுந்தெழும்பி, ஆரோ தின்னப்போகிற சாப்பாட்டுக்கு மாக் குழைக்கப் போகிற பாவப்பட்ட சீவன்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பாண் போடுகிறவை, சமோசா மடிக்கிறவை, தோசைக்கு அரைக்கிறவை எல்லாரும் கிட்ட வந்து இருங்கோ. உங்களுக்குத்தான் என் கஷ்டம் விளங்கும்.

கனடாவில், மொன்றியலில் செயின்ட்-மிஷேல் பக்கம், டயர் மாற்றுகிற கராஜ் ஒன்றுக்குப் பின்னால் எங்கள் பட்டறை. இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. நகரத்து ஜப்பான் சாப்பாட்டுக் கடைகளுக்கு அன்றன்றைக்குச் செய்த ஈர நூடில்ஸ் கொடுப்பது வேலை. கடையில் பைக்கற்றில் முறுகிப்போய்க் கிடக்கிற சாமானை நினைக்காதேயுங்கோ. அது வேறு சாதி. முதலாளி மொரிதா, ஜப்பான்காரர், மெல்லிய மனிசன், குறைய வார்த்தை. என்னோடு வேலை செய்தவ இவோன், ஹெயிட்டிக்காரி, பெரிய சரீரம், அதைவிடப் பெரிய குரல். மொரிதாவின் ஆங்கிலமும் இவோனின் பிரெஞ்சும் என் காதுக்குள் வந்து சேரும்போது யாழ்ப்பாணத் தமிழாகிவிடும். அவை சொன்னதை நான் கேட்ட மாதிரியே இங்கே தருகிறேன்.

இன்னொரு சங்கதியையும் இப்பவே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றதொன்றும் விளங்காது. எனக்குக் கொழும்பில் கலியாணம் நடந்தது. மாலையின் வாசம் போகமுன்னம் நான் திரும்பி வந்துவிட்டேன். கடதாசி அலுவல் இழுபட்டு இழுபட்டு, என் மனிசி சுகந்தி மொன்றியலுக்கு வந்து இறங்கியது வருசக் கணக்கில் கழித்து, இலை கொட்டுகிற காலத்தில். லாசாலில் என் அப்பார்ட்மென்டுக்குள் நாங்கள் இரண்டு பேரும் ரயில் சிநேகிதர் மாதிரி இருந்தோம். அவளுடைய தமையன் தேவண்ணை ரொறொன்ரோவில். அவர் தங்கச்சிக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். அதைச் சுகந்தியே தேத்தண்ணி ஊற்றித் தந்துகொண்டு என்னிடம் மரியாதையாகச் சொன்னாள்: "வருசம் பிறந்தாப் பிறகு அண்ணை வாறாராம். எனக்கு இஞ்சை சரிவரேல்லை எண்டால் தன்னோடை கூட்டிக்கொண்டு போறாராம்."

தாகம்

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் இது. சுகந்தி வருவதற்கு எவ்வளவோ முந்தி. மொரிதா கோதுமை மாவை மெஷினுக்குள் கொட்டினார். உப்பும் அப்பச்சோடா மாதிரி ஒரு வகைக் காரமும் கரைத்த தண்ணியை மெல்லமாக விட்டார். அந்தக் காரம்தான் நூடில்ஸுக்கு மஞ்சள் நிறத்தையும் இழுபடுகிற தன்மையையும் கொடுக்கிறது. மெஷினின் கை சுழன்றது. நான் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன், இப்ப திரளும், இப்ப திரளும் என்று. எங்கே திரண்டது? அச்சு அசலாகப் புட்டு மா. தேங்காய்ப்பூ ஒன்றுதான் குறை.

ரொட்டி சுட்டுப் பழகிய கை சும்மா இருக்குமோ! சாடியில் தண்ணி எடுத்துக்கொண்டு ஓடினேன். மொரிதா என் மணிக்கட்டைப் பிடித்தார். மற்றக் கையால் அந்தப் புட்டில் கொஞ்சம் அள்ளிப் பொத்தினார். திறந்தபோது அது கொழுக்கட்டை மாதிரிப் பிடிபட்டு இருந்தது. அவ்வளவு ஈரம் போதுமாம். மிச்சத்தை உருளைகள் பார்த்துக்கொள்ளுமாம். பேந்து அந்த உதிரியை இரண்டு இரும்பு உருளைக்கு நடுவில் விட்டார். கிழிந்த துவாய் மாதிரி ஒன்று வெளியில் வந்தது. அப்படி இரண்டை ஒன்றுக்கு மேல் ஒன்று வைத்துத் திரும்ப விட, ஒரே சீலையாக, வழுவழு என்று வந்தது. நான் வாயைத் திறந்தபடி நின்றேன். சாடி இன்னும் என் கையில். அவர் அதைப் பார்த்துச் சொன்னார்: "தாகம் மாவுக்கோ, உனக்கோ? உனக்கெண்டால் குடி."

நித்திரை

அந்தச் சீலையை ஒரு தடியில் சுற்றி, பிளாஸ்டிக்கால் போர்த்து, பலகையில் கிடத்துவோம். அப்போது மொரிதா பாதி லைற்றை அணைத்துவிடுவார். தங்கள் பாஷையில் மாவை ஆற வைப்பது என்று சொல்வதில்லையாம், நித்திரையாக்குவது என்றுதான் சொல்வார்களாம். உருளைக்குள் நெரிபட்ட மா களைத்து விறைத்துப் போயிருக்கும். அந்த நேரம் இழுத்தால் சுருங்கும், வெட்டினால் இழை அறும். கிடக்க விட்டால் தானாக இளகும்.

இனி நாங்கள் மூன்று பேரும் மா மூட்டைகளில் இருப்போம். ஆரும் கதைப்பதில்லை. யன்னலுக்கு வெளியே பனி கொட்டும். உள்ளே வெளிச்சம் விழுகிற இடத்தில் மாத்தூசி மெல்ல மெல்ல இறங்கும். கொஞ்ச நேரத்தில் எது உள்ளே, எது வெளியே என்று தெரியாமல் போகும். சுகந்தி வந்த பிறகு அந்த அரைத் தூக்கத்தில் எனக்கு அவள்தான் தெரிவாள். லாசாலில் யன்னலடியில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். "திரும்பிப் பாரும்" என்று சொல்ல வாய் எடுப்பேன். குரல் வராது.

ஒரு நாள் இப்படி நாங்கள் மூன்று பேரும் சிலையாக இருக்க, மா மூட்டை இறக்குகிற லொறிக்காரன் கதவைத் தள்ளிக்கொண்டு "பொன்ஜூர்!" என்று கத்தினான். மொரிதா உதட்டில் விரலை வைத்தார். பலகையைக் காட்டினார். அவன் போர்த்துக் கிடந்த மாவைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், தொப்பியைக் கழற்றினான். வீட்டில் புதுக் குழந்தையாம், நித்திரை கொண்டு கனநாளாம், கண் ரத்தச் சிவப்பு. நுனிக்காலில் நடந்து மூட்டைகளை இறக்கிவிட்டு, போகும்போது இரகசியக் குரலில் சொன்னான்: "பிள்ளையை இஞ்சை கொண்டுவந்து கிடத்திப்போட்டு, இந்த மாவை வீட்டை கொண்டுபோகட்டே?"

மஞ்சள்

சனிக்கிழமைகளில் பட்டறை வாசலிலேயே சில்லறைக்குக் கொடுப்போம். ஜப்பான்காரர் வருவினம், வந்து வணங்கி வாங்கிக்கொண்டு போவினம். ஒரு சனிக்கிழமை சென்னைப் பொடியன் ஒருவன் வந்தான், யூனிவர்சிற்றியில் படிக்கிறவன். காது மூடாத தொப்பியோடு அந்தக் குளிருக்குள் வந்ததிலேயே ஊருக்குப் புதிது என்று தெரிந்தது. நான் தமிழ் என்று கண்டதும் அவனுக்கு அழுகை வராத குறை.

சும்மா விடுவேனோ? கூட்டிக்கொண்டு போய் எல்லாம் காட்டினேன். குளிர்காலத்தில் ஹீற்றர் போட்டால் காற்று வறண்டு மா ஈரத்தை இழந்துவிடும், அதனால் தண்ணியைக் கூட்ட வேண்டும், வெயில் காலத்தில் புழுக்கத்துக்குக் குறைக்க வேண்டும், இந்த ஊரில் நூடில்ஸ் செய்கிறவன் வானிலை அறிக்கை கேட்காமல் கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்று ஒரு பிரசங்கமே வைத்தேன். மஞ்சள் நிறம் முட்டையும் இல்லை மஞ்சளும் இல்லை, காரத்தண்ணியின் வேலை என்று விளக்கினேன். பொடியன் கண் வெட்டாமல் கேட்டான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. முதல்தரமாக ஒருத்தன் என் தொழிலை மதித்துக் கேட்கிறான் என்று நினைத்தேன். பார்சலைக் கையில் வாங்கிக்கொண்டு அவன் கேட்டான்: "சூப்பர்ண்ணா. இதுக்கு மசாலா பாக்கெட் தனியா தருவீங்களா?"

நன்றி

மார்கழி பிறந்ததும் ஒரு நாள் வெட்டின நூடில்ஸில் கொஞ்சம் வீட்டுக்குக் கொண்டுபோனேன். செயின்ட்-மிஷேலில் மெட்ரோ ஏறினால் லாசாலுக்கு வர இரண்டு இடத்தில் மாற வேண்டும், கடைசியில் பஸ்ஸும் எடுக்க வேண்டும். பார்சலைக் கோட்டுக்குள் வைத்துப் பொத்திக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் கனவு. நான் சமைப்பன், அவள் குசினிக் கதவில் சாய்ந்துகொண்டு நிற்பாள், இது என்ன, அது என்ன என்று கேட்பாள், நான் சொல்லுவன், அவள் சிரிப்பாள். ரெயிலுக்குள் நானே சிரித்திருக்கிறேன் போல, முன்னால் இருந்த கிழவி இடம் மாறி இருந்தா.

சமைத்தேன். அவள் கதிரையில் நிமிர்ந்து இருந்து, ஒரு இழை மிச்சம் விடாமல் சாப்பிட்டாள். "நல்லாயிருக்கு, நன்றி" என்றாள். கேட்டீங்களே, நன்றியாம்! எங்கள் ஊரில் மனிசி புருசனுக்கு நன்றி சொல்லி ஆரும் கேட்டிருக்கிறீங்களோ? அது வங்கியில் சொல்கிற சொல். பேந்து கோப்பையைக் கழுவிவைத்துவிட்டு யன்னலடிக்குப் போய் நின்றாள். கொஞ்ச நேரத்தால் தமையனோடு ரெலிபோனில் கதைக்கிறது கேட்டது. அங்கே மட்டும் அவள் குரல் ஏறி இறங்கி, சிரித்து, பொய்க்கோபம் காட்டி, ஒரு உயிருள்ள மனிசியின் குரலாக இருந்தது. நான் குசினிக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் போய்விடுவாள் என்று அன்றைக்குத்தான் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

அடுத்த நாள் உருளை துடைத்துக்கொண்டு நின்ற இவோனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். இவோன் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தா. அப்புறம் சொன்னா: "யன்னலோடை குடும்பம் நடத்தவோ அவளை இவ்வளவு தூரம் கூப்பிட்டனீ? நாளைக்கு இஞ்சை கூட்டிக்கொண்டு வா, வருசக் கடைசிக்கு ஆள் காணாது."

கால்

அது உண்மைதான், வருசக் கடைசியில் ஆள் காணாது. ஜப்பான்காரர் பழைய வருசம் முடியமுன்னம் நூடில்ஸ் சாப்பிட்டே ஆக வேண்டும், அது அவர்களுடைய வழமை. நீளமான நூடில்ஸ், நீளமான ஆயுள். சுகந்திக்கு ஏப்ரன் கட்டி, தலைக்கு வலை போட்டு இவோனிடம் விட்டேன். அன்றைக்கு உடோன் செய்கிற நாள். உடோன் என்றால் தடித்த நூடில்ஸ், வெள்ளை. அந்த மாவை மெஷினுக்குக் கொடுக்காமல் பிளாஸ்டிக்கில் சுற்றி நிலத்தில் வைத்து, சுத்தமான காலுறையோடு ஏறி மிதிக்க வேண்டும். அப்பதான் அந்த மெத்தென்ற இறுக்கம் வரும். நான் அந்தப் பக்கமே போவதில்லை. சாப்பாட்டில் கால் படுவதோ! இவோன்தான் ஏறி நின்று மிதிப்பா, கட்டடம் அதிரும்.

இவோன் சுகந்தியைக் கைபிடித்துக் கொண்டுவந்து மாவுக்கு முன்னால் விட்டு, மிதி என்று காட்டினா. சுகந்தி என்னைப் பார்த்தாள். "இதிலை காலை வைக்கிறதோ? மா எல்லோ!" என்றாள். முகம் வெளிறிப்போச்சு. எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அவள் குனிந்து, மாவைத் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். அதன் பிறகு ஏறினாள்.

முதலில் பயந்து பயந்து. பேந்து ஒரு தாளம் வந்துவிட்டது. குதிக்காலால் நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஓரத்திலிருந்து நடுவுக்கு. யன்னலில் பனி விழுந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே, தனக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே எங்கோ நடந்து போய்க்கொண்டிருந்தாள். நான் செய்த வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. உருளையில் என் மாச்சீலை மடிந்து குவிந்து நாசமாய்ப் போனதும் தெரியாது. மொரிதா வந்து, அவ ஏன் மாவைத் தொட்டுக் கண்ணில் வைத்தவ என்று கேட்டார். சாப்பாட்டை மிதிக்கிறதுக்கு மன்னிப்புக் கேட்கிறது எங்கள் வழக்கம் என்றேன். மனிசன் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "நான் சின்ன வயசிலையிருந்து மிதிக்கிறன். ஒரு நாளும் கேக்கேல்லையே!"

உறிஞ்சல்

சுகந்தி தினமும் வரத் தொடங்கினாள். வீட்டில் இன்னமும் அதே நன்றி, அதே யன்னல். ஆனால் பட்டறையில் அவள் கை ஓடியது. வெட்டுகிற மெஷினின் பல்லுக்குள்ளால் சீலை இறங்கி இழை இழையாக விழும்போது, அதை இரண்டு கையாலும் ஏந்தி, மாப்பொடி தூவி, ஒரு முறுக்கு முறுக்கிப் பெட்டியில் வைக்க வேண்டும். பிந்தினால் சிக்கும், முந்தினால் அறும். எனக்குப் பிடிபட மாதக்கணக்கானது. அவள் பின்னல் பின்னிப் பழகிய கை, வந்த கிழமையே செய்தாள்.

அந்த நேரம் லூக் என்று ஒரு சமையல்காரன் வந்துபோய்க்கொண்டிருந்தான். கியூபெக்காரன், தாடிக்காரன், தை மாதத்தில் டவுன்ரவுனில் ராமென் என்கிற சூப் நூடில்ஸுக்கு ஒரு கடை திறக்கப் போகிறவன். அவனுக்கென்று தனி நூடில்ஸ் வேணுமாம். அது சரிவந்தால் பட்டறைக்கு நல்ல காலம். அதற்காக மொரிதா ஜப்பானிலிருந்து ஒரு விசேஷ மா மூட்டை எடுப்பித்து, அதைத் தன் கோட் கொழுவுகிற ஆணிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். நாங்கள் அதில் சாயவும் ஏலாது.

லூக், நாங்கள் ருசி பார்க்கக் கொடுத்த நூடில்ஸை அவித்துச் சூப்பில் போட்டு, கோப்பையை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய், "ஸ்ஸ்ஸ்ஸ்ர்ர்ர்" என்று ஒரு உறிஞ்சு உறிஞ்சினான். ஜப்பான்காரருக்கு அது மரியாதை. சத்தம் வராவிட்டால் ருசி இல்லை என்று அர்த்தம். சுகந்திக்கு இது தெரியாதே! சாப்பிடும்போது சத்தம் வந்தால் குட்டு விழுகிற வீட்டில் வளர்ந்தவள். ஒரு வினாடி கண்ணை விரித்தாள். பிறகு வெடித்தாள். ஏப்ரனால் வாயைப் பொத்திக்கொண்டு, சுவரோடு சாய்ந்து, கண்ணால் தண்ணி வர வர அப்படி ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் அதுவரைக்கும் ரெலிபோனுக்கூடாகத் தமையன் பக்கம் போகிறபோதுதான் கேட்டிருக்கிறேன். லூக் கோப்பையை இறக்கிவைத்துவிட்டு, தாடியில் சூப் வடிய, கவலையோடு கேட்டான்: "இது நல்ல சிரிப்போ, கூடாத சிரிப்போ? எனக்குக் கடை திறக்கக் கிடக்குது."

அவிச்ச மா

வருசம் பிறந்தது. டொலார்ட்-டெஸ்-ஓர்மோ முருகன் கோயிலுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். பக்கத்தில் நின்று கும்பிட்டாள், என்ன கேட்டாளோ தெரியாது. நான் கேட்டதை முருகன் அறிவார். அடுத்த சனிக்கிழமை தேவண்ணை வருகிற நாள். அதே சனிக்கிழமைதான் லூக்குக்கான நூடில்ஸும் செய்கிற நாள்.

காலமை மொரிதாவும் நானும் வான் வண்டியில் கடைகளுக்கு நூடில்ஸ் இறக்கப் போனோம். இவோன் வரப் பிந்தும். சுகந்தி மட்டும் பட்டறையில். நாங்கள் திரும்பி வந்து கதவைத் திறந்தால், உள்ளே ஒரு வாசம். சூடான, இனிப்பான, ஈர வாசம். எனக்கு நல்லாய்த் தெரிந்த வாசம், ஆனால் எங்கே என்று பிடிபடவில்லை. அந்த வாசத்துக்குள் அப்படியே மிதந்துகொண்டு, விசேஷ மாவை மெஷினில் கொட்டித் தண்ணியை விட்டேன். உதிரியை அள்ளிப் பொத்தினேன். பிடிபட்டது. உருளையில் விட்டேன். மற்றப் பக்கத்தால் மணல் கொட்டியது. திரும்ப விட்டேன். திரும்பவும் மணல். மொரிதா அதைக் கையில் எடுத்து உரசிப் பார்த்தார்.

அப்பதான் எனக்கு மூக்கும் மூளையும் சந்தித்தன. அது அவிச்ச மாவின் வாசம். யாழ்ப்பாணத்தில் இடியப்பத்துக்குக் கோதுமை மாவைத் துணியில் கட்டி நீராவியில் அவித்து, அரித்து எடுக்கிறோமே, அந்த மா. சுகந்தி நல்ல காரியம் என்று நினைத்து, நூடில்ஸ் அவித்துப் பார்க்கிற பெரிய சட்டியில் முழு மூட்டையையும் பகுதி பகுதியாக அவித்து, அழகாக அரித்துத் திரும்ப மூட்டைக்குள் போட்டு வைத்திருக்கிறாள்! அவித்த மா செத்த மா. அதில் இழுவை என்பது மருந்துக்கும் இராது. இடியப்பம் பிழியலாம், நூடில்ஸ் வராது.

"உமக்கு விசரே?" என்று கத்தினேன். நான் அவளிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தரம். "ஆரைக் கேட்டு அவிச்சனீர்?"

"ஆரைக் கேக்கிறது?" அவள் குரல் என் குரலுக்கு மேலே போனது. "பச்சை மாவைக் குடுத்தால் சனத்துக்கு வயித்துக்குத்து வராதே? வந்த நாளிலையிருந்து எனக்கு அந்தப் பயம். முக்கியமான ஓடர் எண்டு நீங்கள்தானே நித்திரையிலையும் புலம்பினீங்கள். உதவி செய்வம் எண்டுதான் செய்தனான்!"

"மாவைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது, உதவி செய்ய வந்திட்டா!"

"தெரியாதுதான்! சொல்லித் தந்தால்தானே தெரியும்! வீட்டிலை நீங்கள் வாய் துறந்தால்தானே!" இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். வாசலில் ஹோர்ன் அடித்தது. தேவண்ணையின் கார்.

சுகந்தி ஏப்ரனைக் கழற்றி, மடித்து, மூட்டையின் மேல் வைத்தாள். எங்கள் சனம் புறப்படும்போது, திரும்பி வருவம் என்ற அர்த்தத்தில், போட்டு வாறன் என்றுதானே சொல்லும். அவள் "போறன்" என்றாள். காரின் பின் லைற் பனிக்குள் மங்கி மங்கிப் போகும்வரை நான் வாசலில் நின்றேன். கையில் மா காய்ந்து வெடித்தது. இவ்வளவு காலம் காத்திருந்து, ஒரு மூட்டை மாவுக்கு அவளைத் துலைத்துப்போட்டேன் என்று எனக்கு அழுகை வந்தது. அழுதேன். என்ன வெட்கம்!

உள்ளே வந்தால் மொரிதாவும் அதற்கிடையில் வந்து சேர்ந்த இவோனும் அந்த மணல் குவியலைச் சுற்றி நின்றார்கள். இதை வைத்து உங்கள் ஊரில் என்ன செய்வீர்கள் என்று மொரிதா கேட்டார். புட்டு, இடியப்பம் என்றேன். செய் என்றார். எனக்குத் தெரியாது, அவளுக்குத்தான் தெரியும் என்றேன். இவோன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னா: "மாவை வைச்சுக்கொண்டு ஆளை அனுப்பியிருக்கிறாய். மறுவளமாய் எல்லோ செய்திருக்க வேணும்!"

மறுமொழி

லூக்குக்கு மொரிதா சாதாரண கனடா மாவில்தான் நூடில்ஸ் செய்தார். அவன் உறிஞ்சினான், கண்ணை மூடினான், இதுதான் நான் தேடினது, ஜப்பான் மாவென்றால் ஜப்பான் மாதான் என்றான். நாங்கள் மூச்சு விடவில்லை. பட்டறைக்கு நல்ல காலம் பிறந்தது. எனக்கு அதில் ஒரு சந்தோசமும் வரவில்லை.

வீட்டில் யன்னல் இருந்தது, அடியில் ஆள் இல்லை. ரொறொன்ரோவுக்கு ரெலிபோன் எடுப்பேன். மற்றப் பக்கம் மணி அடிக்கமுன்னம் வைத்துவிடுவேன். என்னத்தைச் சொல்லுறது? வாரும் என்றோ? வந்து என்ன, திரும்பவும் நன்றி சொல்லவோ? வேலைக்குப் போனேன், மாக் குழைத்தேன், மெட்ரோவில் நித்திரை கொண்டேன், கடைசி ஸ்ரேஷனில் ஆரோ தட்டி எழுப்பினார்கள். அந்த நாட்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய்க் கிடக்கின்றன, பிரித்துச் சொல்ல ஏலாது.

ஒரு காலமை, மா படுத்திருந்த நேரம். பாதி லைற் அணைந்திருந்தது. நான் மூட்டையில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தேன். கதவு திறந்தது. குளிர் புகை மாதிரி உள்ளே வந்தது. அதற்குள் ஒரு உருவம், தலையில் சிவப்புக் கம்பளித் தொப்பி, தோளெல்லாம் பனி, கையில் பாக். வழமையான கனவுதான் என்று நினைத்துத் திரும்பிப் படுக்கப் பார்த்தேன். ஆனால் கனவில் வருகிறவள் முதுகைத்தானே காட்டுவாள்? இவள் நேரே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ரொறொன்ரோவிலிருந்து தனியாகப் பஸ் ஏறி வந்திருக்கிறாள். பஸ் ஸ்ராண்டிலிருந்து தனியாக மெட்ரோ எடுத்து, மாற வேண்டிய இடத்தில் மாறி, வீட்டுக்குப் போகாமல் நேரே பட்டறைக்கு. நான் எழும்பினேன். "சுகந்தி" என்றேன். மொரிதா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு இவோனின் கையைப் பிடித்து இழுத்தார். இவோன் போக மனமில்லாமல் போனா, கதவை முழுதாய்ச் சாத்தவும் இல்லை.

சுகந்தி தொப்பியைக் கழற்றிப் பனியை உதறினாள். பாக்கைக் கீழே வைத்தாள். மூட்டையில் மடித்து வைத்தபடி கிடந்த தன் ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டாள். பிறகு என் முன்னால் வந்து நின்று, மா நித்திரை என்றும் பாராமல், உரத்த குரலில் தொடங்கினாள்: "அண்ணை வீட்டிலை எல்லாரும் நல்லவை. ஒரு கோப்பை கழுவ விடினமில்லை, நீ இரு பிள்ளை, நீ இரு பிள்ளை எண்டு கதிரையிலை இருத்தியே வைச்சிருந்தவை. அந்தக் கதிரையிலை இருந்து, நீங்கள் அண்டைக்கு என்னை ஏசினதுக்கெல்லாம் நான் மறுமொழி யோசிச்சுக்கொண்டு இருந்தனான். பஸ்ஸுக்குள்ளையும் யோசிச்சன். அதுகளை வேறை ஆருக்குப் போய்ச் சொல்லுறது? இப்ப இதிலை இருங்கோ, நான் சொல்லி முடிக்குமட்டும் எழும்பப்படாது."

அன்றைக்குத் தொடங்கியவள் இன்னும் சொல்லி முடிக்கவில்லை. நூடில்ஸ் மட்டும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறது.